ஊதிக்காட்டிய பிறகும்

கிண்ணியாப் பாலம் தாண்டியதும் பொலிஸார் கையைக் காட்டி பஸ்ஸை மறித்தார்கள். சோமசேகரத்துக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் திருகோணமலைக்கும் வெருகலுக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவருக்கு மறிப்பது புதிதல்ல. லைசென்ஸை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். சார்ஜன்ட் லைசென்ஸைக் கேட்கவில்லை. இறங்கச் சொன்னார். இறங்கியதும், குடித்திருக்கிறாரா என்று பார்க்கிற குழாய் பூட்டிய ஒரு பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னார்.

பஸ்ஸுக்குள் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவர்களின் தலைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. சோமசேகரம் ஊதினார். குழாய்க்குள் நிறம் மாறவில்லை. சார்ஜன்ட் சந்தேகத்தோடு இன்னொரு பலூனை எடுத்தார். அதையும் ஊதினார். அதிலும் மாறவில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ ரெலிபோன் எடுத்து, சாரதி குடிவெறியில் ஓட்டுகிறார் என்று சொன்னதாகச் சார்ஜன்ட் சங்கடத்தோடு சொல்லிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

சோமசேகரம் ஏறி வந்தவர் உடனே இருக்கையில் உட்காரவில்லை. பயணிகள் பக்கம் திரும்பி நின்றார்.

“ஆர் ரெலிபோன் எடுத்தது எண்டு நான் கேக்கேல்லை. எல்லாரும் பாத்தீங்கள்தானே. ரெண்டு தரம் ஊதினனான்.”

அந்த மூன்று வசனத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிடம் எடுத்தது. குரல் மண்ணெண்ணெய் ரின்னுக்குள்ளிருந்து வருகிறதுபோல் கரகரத்தது. நாக்கு தடித்துப்போய்ச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டின. பின்வரிசையில் யாரோ, கதையைக் கேட்டாலே தெரியுதே என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். சோமசேகரம் கியரைப் போட்டார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. வீடு அன்புவழிபுரத்தில். வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் வாயில் வைத்ததில்லை. அவருடைய மூத்த தமையன் கசிப்புக் குடித்துக் குடித்து இருபத்தாறு வயதில் இரத்த வாந்தி எடுத்துச் செத்தவன். ஆசுபத்திரிக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது சோமசேகரம்தான். அதன்பிறகு கலியாண வீட்டில் போத்தல் திறந்தால்கூட அவர் அந்த இடத்தில் நிற்பதில்லை. பஸ் நிலையத்தில் இருந்த பழைய ஆட்களுக்கு இது தெரியும். தெரிந்தவர்களே இப்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முகம் அப்படித்தான் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கியது. இமைகள் பாதிக்கு மேல் திறப்பதில்லை. கன்னம் ஊதி, மஞ்சள் பாரித்து, எந்த நேரமும் இப்போதுதான் நித்திரையால் எழும்பியவர்போல் இருந்தார். ஒரு வருடத்துக்குள் பத்துக் கிலோ கூடியிருந்தது, சாப்பாடோ பாதியாகக் குறைந்திருந்தது. மனைவி கஜந்தி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுநராக இருக்கிறவள். முன்பெல்லாம் அவள் வேலைக்குப் போகுமுன் நாலு வீட்டுக் கதை சொல்லிச் சிரிக்கவைக்கிற மனிதர், இப்போது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே நேரம் எடுக்கிறார் என்று அவளுக்கு மனவருத்தம். எல்லாவற்றையும்விட அந்தக் குளிர். ஊர் முழுக்க வெயிலில் வெந்துகொண்டிருக்க, மனிதர் தடித்த ஜக்கற் போட்டுக் கழுத்துவரை சிப்பை இழுத்துக்கொண்டு ஓட்டினார்.

அவர் வைத்தியம் பார்க்காமல் இருக்கவில்லை. ஒரு தனியார் மருந்துச்சாலைக்கு இரண்டு தரம் போனார். அங்கே இருந்த டொக்டர் நாடியைப் பிடித்தார், பிரஷர் பார்த்தார், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். குடிப்பதில்லை என்றார் சோமசேகரம். டொக்டர் வேறு நாலு கேள்வி கேட்டுவிட்டு, சுற்றி வந்து, சாராயமா பியரா என்று கேட்டார். மூன்றாவது முறையும் அதையே கேட்டுவிட்டு, உண்மையைச் சொன்னால்தான் மருந்து தரலாம் என்றார். ஈரலுக்கு இரத்தம் பரிசோதித்தார்கள், அதில் பெரிய பிழை இல்லை. இன்னும் பழுதாகவில்லை, இப்போதே விட்டுவிடுங்கள் என்று சொல்லி விற்றமின் குளிசை எழுதிக்கொடுத்தார் டொக்டர். சோமசேகரம் துண்டை மேசையிலேயே வைத்துவிட்டு எழும்பி வந்தார். அதோடு வைத்தியமும் நின்றுபோனது.

பலூன் ஊதிய அடுத்த நாள், பஸ் முதலாளி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். முதலாளி முஹம்மது தம்பி ஹாஜியார், தோப்பூரில் நெல் ஆலையும் இரண்டு பஸ்ஸும் வைத்திருந்தவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமுடியாது. கதிரை போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, குடும்பத்தைச் சுகம் விசாரித்த பிறகுதான் ஒரு கடதாசியைத் தள்ளிவைத்தார். ரைப் பண்ணிய கடிதம். ‘இனிமேல் மது அருந்தி வாகனம் செலுத்தமாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்’ என்று இருந்தது. கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு.

சோமசேகரம் அதை மெதுவாக இரண்டு முறை வாசித்தார்.

“ஹாஜியார், இதிலை ‘இனிமேல்’ எண்டு கிடக்கு. அப்ப இதுக்கு முதல் குடிச்சு ஓடினனான் எண்டுதானே வருது?”

அது ஒரு சொல்லுக்காகப் போட்டது, பயணிகள் நாலு பேர் வந்து முறையிடுகிறார்கள், அவர்களுடைய மனத்தை ஆற்றத்தான் என்றார் ஹாஜியார். பொலிஸ் ஊதவைத்ததைச் சொன்னார் சோமசேகரம். ஊதியது எல்லாம் சரி, ஆனால் பார்க்கிறவனுக்குக் கண் இருக்கிறதே என்றார் ஹாஜியார். கையெழுத்து வைத்துவிட்டு நாளைக்கே ஏறலாம், இல்லையென்றால் தான் வேறு ஆள் பார்க்கவேண்டும்.

“வேற ஆளைப் பாருங்கோ. குடிக்காதவன் குடியை நிப்பாட்டுறன் எண்டு எழுதிக் குடுக்க ஏலாது.”

பஸ்ஸின் திறப்பை வளையத்தோடு எடுத்து மேசையில் வைத்தார். எழும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டதால், கதிரையைப் பிடித்துத்தான் எழும்பவேண்டியிருந்தது. தன் கோபத்துக்குக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லையே என்று அவருக்கு அதுதான் அந்த நேரம் பெரிய அவமானமாக இருந்தது.

நாலு நாள் வீட்டில் படுத்துக் கிடந்தார். ஐந்தாம் நாள் ரெலிபோன் வந்தது. பேசியது ஸல்ஹா மிஸ்ஸி. கிண்ணியாவில் ஏறி மூதூரில் இறங்குகிற மருத்துவமாது. சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் அவருக்கு வழக்கம். கொண்டக்டர் நிப்றாஸிடம் கெஞ்சி இலக்கத்தை வாங்கியதாகச் சொன்னார்.

“அண்ணன், ஒண்டு கேக்கன், கோவிக்காதீங்க. உங்கட புருவத்துட ஓரத்து மயிரெல்லாம் எப்ப கொட்டின?”

சோமசேகரத்துக்குக் கேள்வி விளங்கவில்லை. ரெலிபோனைப் பிடித்தபடியே அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு புருவத்திலும் காதுப்பக்கப் பாதி இல்லை. தினமும் முகம் சவரம் செய்கிறவர், அதை அன்றுதான் பார்த்தார்.

நாலு மாதமாகச் சாரதியின் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்கிறாராம் மிஸ்ஸி. தனக்கும் தைரொயிட் இருக்கிறது, கழுத்துச் சுரப்பி வேலை குறைந்தால் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும், ஆம்பிளை மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருந்தது தன் பிழை என்றார். பிறகு சொன்னார்:

“குடிகாரனுக்கு ஆடிக் கச்சான் காத்து வீசுற வெயிலுல குளிராது அண்ணன். போய் இரத்தம் பாருங்க.”

கஜந்தி அன்றே சங்கத்தில் லீவு சொன்னாள். அடுத்த நாள் காலை இருவரும் அரசாங்க ஆசுபத்திரிக்குப் போனார்கள். வெளிநோயாளர் பிரிவில் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை தைரொயிட் கிளினிக்குக்கு வரச்சொல்லித் துண்டு கொடுத்தார்கள். வியாழக்கிழமை போனால் நீட்டு வாங்கு முழுக்கப் பெண்கள். சோமசேகரம் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவள், மனைவிக்கு நம்பர் எடுக்க வந்தவர்போல என்று நினைத்து, வருத்தக்காரி நேரே வந்துதான் பதியவேண்டும் என்று நல்லெண்ணத்தோடு சொன்னாள்.

“எனக்குத்தான் தங்கச்சி. ஆம்பிளையளுக்கும் கழுத்து இருக்குத்தானே.”

வாங்கு முழுக்கச் சிரித்தது. பஸ்ஸுக்குள் கேட்ட சிரிப்புப் போல் அது இருக்கவில்லை. அவள் தள்ளி இருந்து இடம் விட்டாள்.

டொக்டர் பிரசாந்தினி முப்பது வயது மதிக்கத்தக்கவர். அவர் குடியைப் பற்றி ஒரு முறைதான் கேட்டார். இல்லை என்றதும் இல்லை என்று எழுதிக்கொண்டார். அந்த எழுத்தைச் சோமசேகரம் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பத்தெட்டுத்தான். கதிரையில் முழந்தாளிட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே றப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார் டொக்டர். பாதம் உதைத்தது. உதைத்த பாதம் திரும்பி வர, விருப்பமில்லாமல் வேலைக்குப் போகிறவன்போல் ஆறுதலாக வந்தது. டொக்டர் இன்னொரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இருதயத்துக்கு ஈசீஜீ எடுக்கவும், இரத்தத்தில் ரீஎஸ்எச், ரீபோர் பார்க்கவும் எழுதினார்.

இரத்தம் எடுத்தவன் ஒரு சின்னப் போத்தல் அளவுதான் எடுத்தான். மூன்றாம் நாள் முடிவு வந்தது. ரீஎஸ்எச் ஐந்துக்குள் இருக்கவேண்டும். அவருக்கு நூற்றிப்பதினெட்டு.

கழுத்தில் வண்ணத்திப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பின் வேகம் அதன் கையில்தான் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். சுரப்பி வேலை செய்யாவிட்டால் மூளை அதற்கு எழும்பு எழும்பு என்று கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டளையின் அளவுதான் அந்த நூற்றிப்பதினெட்டு. மூளை தொண்டை கிழியக் கத்துகிறது, சுரப்பி அசையவில்லை. குளிர், வீக்கம், கரகரத்த குரல், மலச்சிக்கல், நித்திரை, மறதி எல்லாம் இதனால்தான். வாழ்நாள் முழுக்க ஒரு குளிசை எடுக்கவேண்டும், எடுத்தால் சுகமாக இருக்கலாம்.

சோமசேகரம் கேட்க இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“டொக்டர், இது குடியாலை வாறதோ?”

“இல்லை ஐயா. உங்கட உடம்பே உங்கட சுரப்பியை எதிரி எண்டு நினைச்சுத் தாக்குது. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.”

“அதை எழுதித் தருவீங்களோ?”

டொக்டர் சிரித்துக்கொண்டு பேனையை எடுத்தவர், எழுதாமல் நிமிர்ந்து, என்ன வேலை என்று கேட்டார். பஸ் சாரதி என்றார் சோமசேகரம். டொக்டரின் முகத்தில் சிரிப்பு இறங்கிப்போனது. ஓட்டும்போது நித்திரை வந்திருக்கிறதா என்று கேட்டார்.

“இல்லை.”

டொக்டர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். கஜந்தி பக்கத்தில் இருந்தாள். சோமசேகரத்துக்குச் சேருநுவர தாண்டிய ஒரு நேரான றோட்டு நினைவுக்கு வந்தது. பின்னேரம் மூன்று மணி. பஸ்ஸின் சில்லு தாரை விட்டுக் கிறவல் ஓரத்தில் இறங்கிச் சத்தம் போட, நிப்றாஸ் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி அடித்தபோதுதான் கண் திறந்தது. முன்னால் மதகுக் கட்டு. அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நிப்றாஸும் கதைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு உப்பாறு பக்கத்தில் இன்னொரு தரம், ஒரு லொறிக்காரன் ஹோன் அடித்து எழுப்பிவிட்டான்.

“ஒருக்கா வந்தது” என்றார். பிறகு, “இல்லை டொக்டர். ரெண்டு தரம்” என்றார்.

டொக்டர் இரண்டையும் எழுதிக்கொடுத்தார். இது தைரொயிட் குறைபாடு, மதுப் பழக்கம் இல்லை என்பது முதலாவது. இரத்த அளவு சீராகித் தான் அனுமதிக்கும்வரை வாகனம் ஓட்டக்கூடாது என்பது இரண்டாவது.

ஆசுபத்திரி வாசலைத் தாண்டிக் கடற்கரை றோட்டுக்கு வந்ததும் கஜந்தி நின்றாள். மருந்துப் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ரெண்டு தரம் எண்டு நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே.”

“எனக்கே நான் சொல்லேல்லை” என்றார் சோமசேகரம்.

அன்றிரவு முழுக்க அவருக்கு அந்த ரெலிபோன்காரனைப் பற்றித்தான் யோசனை. இவ்வளவு நாளும் அவனை மனத்துக்குள் திட்டித் தீர்த்தார். அவன் சொன்ன காரணம் பொய். ஆனால் அவன் பயந்தது பொய்யில்லை. ஒரு குடும்பத்தோடு வந்தவனாக இருக்கலாம். அவனை இனித் திட்ட ஏலாது என்பது அவருக்குப் பிடிக்கவில்லைதான். என்றாலும் அந்தக் கடிதத்தை விடுவதாக இல்லை. பிழை எது, பொய் எது என்று தனித்தனியாகப் பிரித்து, தன்னுடையதைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதை உரியவரிடம் கொடுத்துவிட அவர் முடிவு செய்தார்.

ஹாஜியார் பஸ் நிலையத்துக்கு வருகிற நாள் பார்த்துப் போனார். அது வெருகல் முருகன் கோயில் திருவிழாக் காலம். பஸ்ஸில் ஆள் ஏற இடமில்லாத நாட்கள். புதிதாக வந்த சாரதி இதற்குள் பஸ்ஸின் இடப்பக்கத்தை இரண்டு இடத்தில் உரசியிருந்தான். நேரக்கணிப்பாளரின் அறைக்குள் ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அறிக்கையை வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் தெளிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு இரண்டாவது துண்டை வாசிக்காமலே, அப்படியானால் நாளைக் காலையே ஏறுங்கள், திருவிழா முடியுமட்டும் ஓடிவிட்டுப் பிறகு ஓய்வெடுக்கலாம் என்றார்.

ஓடமாட்டேன் என்றார் சோமசேகரம். ஹாஜியாருக்கு விளங்கவில்லை.

“அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க, சோமசேகரம்?”

“என்ர பேரைத் திருப்பி வாங்க வந்தனான், ஹாஜியார். பஸ்ஸை வாங்க இல்லை. நான் ரெண்டு தரம் ஓடேக்கை நித்திரை கொண்டிட்டன். வருத்தத்தாலை. அதை நான் மறைச்சது என்ர பிழை. நிப்றாஸைக் கேளுங்கோ, பொய் சொல்லமாட்டார். ஆனா குடிகாரன் எண்டது உங்கட பிழை. அதை இஞ்ச நிக்கிற எல்லாருக்கும் கேக்கச் சொல்லவேணும்.”

வாசலில் நின்ற நிப்றாஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னை இப்படி யாரும் பஸ் நிலையத்தில் நிறுத்தி வைத்ததில்லை. எழும்பி வாசலுக்குப் போனார். அங்கே ஏழெட்டுச் சாரதிகளும் கொண்டக்டர்களும் நின்றார்கள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“சோமசேகரத்துக்குக் கழுத்துல வருத்தம். குடி இல்ல. நான்தான் பிழையா விளங்கின.”

சோமசேகரம் கையை நீட்டினார். ஹாஜியார் பைக்குள்ளிருந்து அந்தக் கையெழுத்தில்லாத கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதைக் கிழிக்கவும் சோமசேகரத்தின் விரல்களுக்கு நேரம் எடுத்தது. எல்லாரும் பொறுத்து நின்றார்கள்.

குளிசை உடனே வேலை செய்யவில்லை. காலையில் எழும்பி வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணித்தியாலம் தேத்தண்ணி குடிக்காமல் இருக்கவேண்டும். முப்பது வருடமாகக் கண் விழித்ததும் பால் தேத்தண்ணி குடித்தவருக்கு அந்த அரை மணித்தியாலம் நோயைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. இரண்டு வாரம் போயும் ஒரு மாற்றமும் இல்லை. மனைவியின் தமையன் வந்து, இது பெண்களின் வருத்தம், வெளியில் சொல்லாமல் இருப்பது நல்லது என்று இரகசியமாகச் சொன்னான். சோமசேகரம் அடுத்த நாளே பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்து, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் நூற்றிப்பதினெட்டைப் பற்றிச் சொன்னார். அவர் சொல்லக் கேட்டு, இரண்டு சாரதிகள் இரகசியமாகப் போய் இரத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கழுத்தில் ஒன்றுமில்லை. ஒருவனுக்குச் சீனி வருத்தம் இருந்தது.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம் வீட்டு வாசலில் விறகு கொத்திக்கொண்டிருந்தவர், நெற்றியைத் துடைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. கஜந்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். வியர்வையைப் பார்த்து அழுத மனிசி அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதன்பிறகு ஒன்றொன்றாக இறங்கியது. முகத்து வீக்கம், கால் பிடிப்பு, நெஞ்சுக் கனம். ஆறாம் வாரம் எண் முப்பத்தொன்று. டொக்டர் குளிசையைக் கூட்டினார். இன்னும் ஓட்டக்கூடாது என்றார். சோமசேகரம் வாதாடவில்லை. பன்னிரண்டாம் வாரம் எண் நாலரை. அன்றுதான் டொக்டர் கையெழுத்துப் போட்டார். குளிசையை நிறுத்தினால் பழையபடி எல்லாம் திரும்பி வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலை, சோமசேகரம் மறுபடி பஸ்ஸில் ஏறினார். கிண்ணியாவில் ஸல்ஹா மிஸ்ஸி ஏறி, கண்ணாடியைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மூதூரில் ஏறிய வயது போன ஒரு அம்மா, அவருடைய முகத்தை உற்றுப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டார். முருகன் கண் திறந்துவிட்டான், தம்பி குடியை விட்டுவிட்டாராம், முகத்தில் என்ன களை வந்துவிட்டது என்று மனம் குளிர்ந்து சொன்னார்.

சோமசேகரம் எஞ்சினை நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்து, சுரப்பியிலிருந்து தொடங்கி நாலரை வரை விளங்கப்படுத்தினார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எப்படியோ விட்டது நல்லது என்றார். தோப்பூரில் ஒரு கடைக்காரர் யன்னலடிக்கு வந்து, துணிந்து குடியை விட்டதற்காகக் கை கொடுத்தார். அங்கேயும் எஞ்சின் நின்றது. சேருநுவரவிலும் ஒருவர்.

நிப்றாஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து காதுக்குள் சொன்னார்:

“விடுங்க அண்ணன். எல்லாரும் நல்லதுக்குத்தானே சொல்றாங்க.”

“நல்லதா இருந்தா என்ன. இல்லாத குடியை நான் எப்பிடி விடுறது? கேக்கிற ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவன்.”

வெருகலுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் பிந்திவிட்டது. நேரப் புத்தகத்தில், பிந்திய காரணம் என்ற இடத்தில் நிப்றாஸ் ‘மழை’ என்று எழுதினார். சோமசேகரம் புத்தகத்தை வாங்கி, மழையை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில் ‘பயணிகளுக்கு விளக்கம்’ என்று எழுதி, கையெழுத்தும் வைத்தார்.